மூடியில் பாதி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்று என் கணவர் கேலி செய்வார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன வருஷம் வரை.

அம்பர்நாத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கெமிஸ்டாக இருக்கிறேன். செடியில் பூவும் பிஞ்சும் உதிராமல் இருக்கத் தெளிக்கும் ஆக்சின் மருந்து தயாரிக்கிறோம். மூலப்பொருள் வெள்ளைப் பொடி, தண்ணீரில் லேசில் கரையாது. காஸ்டிக் சோடாக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி, தெளிந்ததும் வடிகட்டி, பாட்டிலில் அடைப்போம். அளவோடு அடித்தால் பூவைப் பிடித்து நிறுத்தும். அளவு மீறினால் அதே மருந்தே பூவை உதிர்த்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன்.

எங்கள் ஆபரேட்டர் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கி வந்து நின்றார். ஊரில் அவருடைய லாத்தாவின் வீட்டுக்காரர், அதாவது அக்கா புருஷன், குத்தகை நிலத்தில் மிளகாய் போட்டிருக்கிறாராம். பூ நிற்கவில்லையாம். இந்த வெள்ளாமையும் போனால் நிலத்தை விட்டுவிட்டு மச்சான் பம்பாய்க்குத்தான் வரவேண்டும் என்று லாத்தா போனில் அழுததாம். நான் உடனே ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, தெளிக்கும் டேங்க் ஒன்றுக்கு மூடியில் பாதி என்றேன்.

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி என்று எதை வைத்துச் சொல்வது, கூடிப்போனால் என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கோ லோக்கல் ரயிலைப் பிடித்து, குர்லாவில் மாறி, செம்பூர் போய்ச் சேரவேண்டிய அவசரம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன்.

“கூடக் கொறைய ஆனா பரவாயில்ல. நம்ம மருந்து ஒண்ணும் பண்ணாது.”

சாம்பாருக்குப் பெருங்காயம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஓடினேன். அவர் அதை ஊருக்கு ஒரு மூடியாகச் சொல்லியிருக்கிறார். மச்சான் கொசுறாக இன்னும் இரண்டு மூடி ஊற்றியிருக்கிறார். சொந்தக்காரன் கம்பெனி மருந்து ஆயிற்றே, தாராளமாக அடித்தால் என்ன கெட்டுப்போகும்?

கொஞ்ச நாளில் ஆபரேட்டர் போனில் ஒரு போட்டோ காட்டினார். செடிக்கடியில் வெள்ளையாகப் பூ கொட்டிக் கிடந்தது. இலைகள் முறுக்கிக்கொண்டிருந்தன. எத்தனை மூடி என்று கேட்டேன், மூன்று என்றார். போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். “வெயில் ஜாஸ்தி போல” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மச்சான் பம்பாய் வந்தார். வேலைக்கு நானே எங்கள் முதலாளி சேட்டிடம் போய்ச் சிபாரிசு செய்தேன். புண்ணியம் தேடிக்கொண்டேன் என்றுதான் சொல்லவேண்டும், வெட்கக்கேடு. இப்போது எங்கள் பாட்டில் நிரப்பும் மேஜையில் மூடி திருகுகிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். உட்காருங்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

போன வாரம் டீ நேரத்தில் என்னிடம் வந்தார். குத்தகை நிலத்தை இப்போது அவர் தம்பி பார்க்கிறாராம். அங்கேயும் பூ நிற்கவில்லையாம். தம்பிக்கு ஒரு பாட்டில் வேண்டும் என்றார்.

“நீங்க குடுத்த மருந்துனாலதான் மேடம், அன்னைக்கு அந்த நாலு செடியாவது நின்னுச்சு.”

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. பாட்டிலை அவர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தேன். மூடியில் பாதிக்கு மேல் ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது என்றேன். போனால் பூ முழுக்க உதிர்ந்துவிடும், உங்களுக்கும் அப்படித்தான் உதிர்ந்தது, வெயிலால் இல்லை என்றேன். அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் ஊர்லயே கெடந்திருப்பேன்லா மேடம்” என்றார்.

பிறகு மேஜைக்குப் போய் மூடி திருக உட்கார்ந்தார். இப்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் போனால் அவர் எழுந்து நிற்பதில்லை.