வருகிற முகம், போகிற முகம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அன்று என்னோடு இருந்த வினோஜன் இன்னும் றொசல்லவில்தான் ஓட்டோ ஓட்டுகிறான். போய்க் கேளுங்கள். மாலை ஐந்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு ஹயருக்குக் கூப்பிட்டால் வரமாட்டான்.

என் பெயர் கிருஷாந்தி. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சித்திர டீச்சர். பேய்க்குப் பயந்தவள் இல்லை. அட்டைக்குத்தான் பயம்.

இந்த வருடம் கொழும்புக் கண்காட்சி ஒன்றுக்கு என் சிற்பத்தைத் தெரிவு செய்தார்கள். எங்கள் தோட்டத்தில் வருடாவருடம் ஆடும் காமன் கூத்தின் கோமாளி. டர்பன்டைன் மரம், மூன்றடி உயரம், கியூபிச பாணி. அதாவது, ஒரே ஆளை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்து, துண்டு துண்டாக உடைத்து, ஒரே முகத்தில் வைப்பது. பாதி முகம் நம்மை நோக்கி வரும், அதன் கண் திறந்திருக்கும். மறுபாதி திரும்பிப் போகும், அதன் கண் மூடியிருக்கும்.

மாதிரிக்கு நின்றவர் சோலைமலை மாமா. முப்பது வருடமாக எங்கள் கோமாளி. பாதி செதுக்கியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னா டீச்சர், ஒரு மொகம் வருது, ஒரு மொகம் போகுது. நான் வாரேனா, போறேனா?"

கூத்திலும் அவருடைய வேடிக்கை அதுதான். சலங்கைக் காலோடு இருட்டுக்குள் நின்றுகொண்டு "வரலாமா?" என்று மூன்று தடவை கேட்பார். "வா!" என்று கத்துவோம். ஆடி முடித்ததும் "போகலாமா?" என்பார். "போகாத!" என்று தோட்டமே கத்தும். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் சிரிக்க வைப்பார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நானும் கத்தியிருக்கிறேன்.

கூத்துக்காகக் காப்புக் கட்டினால், அதை அவிழ்த்து ஆற்றில் விடும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கடைசி நாள் அவருடைய மஞ்சள் காப்புக் கயிற்றை நான் கேட்டு வாங்கினேன். ஆற்றில் விடாமல், சிலையின் மணிக்கட்டில் கட்டினேன்.

"பூசாரி ஏசுவாரு டீச்சர்."

"யாருக்கு மாமா தெரியப் போகுது?"

என் வாயை என்ன சொல்ல?

அடுத்த வாரமே மாமா நெஞ்சு வலியென்று படுத்துவிட்டார். சிலையை ஒருதரம் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பினார். சிலையைக் கொழும்புக்கு ஏற்றிப் போகும் லொறி அன்று இரவு ஏழு மணிக்கு ஹட்டனிலிருந்து. கண்காட்சி முடிந்து வந்து காட்டுகிறேன் என்று பதில் சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை. மாலை 5:40. சிலையைத் தார்ப்பாய்ப் படங்கில் சுற்றி, ஓட்டோவில் என் பக்கத்தில் நிறுத்திக் கட்டினோம். வருகிற முகம் என் பக்கம். நன்றாக நினைவிருக்கிறது.

5:55. பனிமூட்டம் இறங்கியது. முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை.

"டீச்சர், செலைக்குச் சலங்கை கட்டியிருக்கீங்களா?"

"இல்லையே."

வினோஜன் வேகத்தைக் குறைத்தான். ஜல்... ஜல்... குழியில் விழும்போது மட்டுமில்லை. நேரான பாதையிலும்.

படங்கு நழுவியது. சரிசெய்யத் திரும்பினேன். என் பக்கம் இருந்தது போகிற முகம்.

கட்டின கயிறு கட்டினபடியே இருந்தது.

6:10. எல்லைக் கல். ஓட்டோ நின்றுவிட்டது. வினோஜன் இறங்கி எஞ்சினைப் பார்த்தான். சத்தமே இல்லை. பனியும் நாங்களும்தான்.

"போகலாமா?"

"இரு, எஞ்சின் சரியாயிருச்சா?" என்றேன்.

"டீச்சர்... நான் ஒண்ணும் கேக்கல."

"போகலாமா?"

மெலிந்த குரல். எனக்குத் தெரிந்த குரல். என் தோள் பக்கத்திலிருந்து.

ஜல்.

"போகலாமா?"

மூன்றாவது தடவை. யோசிக்கவே இல்லை. வாய் தானாகக் கத்தியது.

"போகாத!"

சலங்கை நின்றது.

ஓட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்த பாரம்.

போனைப் பார்த்தேன். 6:12.

ஹட்டன் பக்கம் எஞ்சின் பிடிக்கவே இல்லை. தள்ளித் திருப்பினோம், முதல் இழுப்பிலேயே பிடித்தது. சிலையைச் சித்திர அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, நேராகச் சோலைமலை மாமாவின் லயத்து வீட்டுக்கு ஓடினேன். வாசலில் கூட்டம். அவர் மனைவி சண்முகவடிவு அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

"அஞ்சு அம்பதுக்கு மூச்சு நின்னுருச்சு டீச்சர். தலமாட்டுல வெளக்குகூட ஏத்திட்டோம். ஆறு பன்னெண்டுக்குக் கண்ண முழிச்சுட்டாரு!"

போனில் நான் பார்த்த அதே நேரம்.

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்தான். மாமா சாப்பிடவில்லை. தூங்கவில்லை. உடம்பில் சூடு ஏறவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் நெடுநேரம் நாடியைத் தேடினார். பிறகு பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். தினமும் மாலை 6:12க்கு மட்டும் மாமாவின் உதடு அசையும்.

"போகலாமா?"

மூன்றாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். முகம் ஒடுங்கிப் போயிருந்தது.

"போங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். கேக்க மாட்டேங்கிறாரு. வாசலையே பாக்குறாரு. ஒங்களத்தான் தேடுறாரு. அவரு படுற பாட்ட என்னால பாக்க முடியல. விட்டுருங்க டீச்சர்."

6:12. கட்டிலருகில் நின்றேன். கண்கள் என்னிடம் திரும்பின.

"போகலாமா?"

எனக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன். அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க மாமா."

அவர் சிரித்தார். கண்ணை மூடினார். மூச்சு நின்றது.

அக்கா அழவில்லை. என்னையே பார்த்தார்.

"என்னா டீச்சர் சொன்னீங்க...? வாங்கன்னா சொன்னீங்க?"

சாவு வீட்டில் "போயிட்டு வாரேன்" என்றுகூடச் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்து இன்றைக்குப் பதினேழு நாள். சிலை இன்னும் சித்திர அறையில்தான். காப்பை அவிழ்க்கப் பார்த்தேன், முடிச்சு அசையவில்லை. போகிற முகத்தில் கண் மூடியிருக்கும் என்று சொன்னேன் அல்லவா? நான் செதுக்கியது அப்படித்தான். இப்போது திறந்திருக்கிறது.

நேற்று மாலை கொப்பிகள் திருத்தி முடித்து, பள்ளிக்கூட நடைவழியில் வந்துகொண்டிருந்தேன். சித்திர அறை பூட்டியிருந்தது. சாவி என் கையில்.

6:12.

ஜல்.

"வரலாமா?"

ஓடி வந்துவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து மறுபடியும், "வரலாமா?"

இரண்டு தடவை கேட்டுவிட்டது.