கிருபாபுரத்துச் சைவர்

கிருபாபுரத்தில் ஐயர் ஆட்டுக்கறி சாப்பிடுவார்; பிள்ளைவாள் சாப்பிட மாட்டார். வெளியூர்க்காரர்கள் பதற வேண்டாம். அந்தப் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைவாள் என்றால் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஞானசிகாமணி. ஞானஸ்நானத்துக்கு முன்னால் வண்ணார்பேட்டை அம்மையப்ப பிள்ளை.

இருபத்துநாலு வயதில் அவர் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த அன்று ஊரில் இரண்டு கூட்டத்துக்கும் திருப்தி. வண்ணார்பேட்டைக்கு ஒரு பாவி குறைந்தான், கிருபாபுரத்துக்கு ஓர் ஆத்துமா கூடியது. அதோடு சரி. பிறகு இரண்டு பக்கத்திலும் அவரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வேதக்காரனாகிவிட்டான் என்றார்கள் வீட்டார். சரியாக ஆகவில்லையே என்றார்கள் சபையார். கறி தின்னாத கிறிஸ்தவனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

"தொழுவத்துல பிறந்தவரை நம்புதேன். பக்கத்துல நின்ன ஆட்டையும் தின்னாத்தான் ஒத்துக்கிடுவீகளா?" என்று ஒருமுறை சத்தியநேசன் ஐயரிடமே கேட்டுவிட்டார். ஐயர் சிரித்தார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் அடித்தார்.

காரணம் வேறு. அது ஐயருக்கும் தெரியாது.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் ஆராதனை முடிந்ததும் ஞானசிகாமணி வண்ணார்பேட்டைக்கு நடப்பார். பிறந்த வீட்டுக்குப் பின்னால், ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் நின்று புறவாசல் கதவைத் தட்டுவார். கதவு திறக்காது. உள்ளேயிருந்து அம்மா சொர்ணாம்பாளின் குரல் மட்டும் வரும்.

"ஏலே அம்மையப்பா, கவிச்சி தொட்டியாலே?"

"இல்லம்மா."

"கல்லு மேல இருக்கு. எடுத்துக்கோ."

துவைக்கிற கல்லின் மேல் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருக்கும். புளியோதரை, இரண்டு உளுந்தவடை. பதினாலு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கேள்வியும் மாறவில்லை, வடையும் மாறவில்லை. தின்றுவிட்டு இல்லை என்று சொன்னால் தீர்ந்ததே என்பீர்கள். பொய் சொல்வதற்கு அவர் கிறிஸ்தவராக ஆகியிருக்கவே வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில்தான் சோதனை வந்தது. டிசம்பர் முதல் தேதி, அட்வெந்து ஞாயிறு. சபைக் கோயில் வாசலில் கருப்பட்டி வியாபாரி தேவமணி அவரை மடக்கினார்.

"வாத்தியாரே, எத்தனை நாளைக்கு ஒத்தையில பொங்கித் தின்னுவீரு வே? எந்தங்கச்சி ஜெபராணி இருக்கா. உமக்குத் தாரேன்."

ஜெபராணியை ஞானசிகாமணிக்கு ஆறு வருஷமாகத் தெரியும். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை. பாட்டில் மேல் ஸ்தாயி வரும்போது தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள். அவ்வளவுதான் தெரியும்.

"ஆனா ஒண்ணு. கிறிஸ்துமஸ் அசனத்துல எங்களோட பந்தியில உக்காந்து, நாலு பேரு பாக்க ஒரு துண்டு கறி திங்கணும். ஜாதிய விட்டுட்டேங்கீரு, நாக்கு விடலையே! நாளைக்கு எந்தங்கச்சி ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பா மூட்டுவா?"

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"ஆடு யோசிக்கலாம். நீரு எதுக்கு வே யோசிக்கீரு?"

அட்வெந்து என்றால் காத்திருக்கிற காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு. மற்றவர்கள் புதுத்துணிக்கும் பலகாரத்துக்கும் காத்திருந்தார்கள். ஐயர் மட்டும் கர்த்தருக்காகக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி முதல் ஞாயிறு தின்றுவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டாம் ஞாயிறு, கூடாது, அம்மா கேட்பாள் என்று மாற்றினார். மூன்றாம் ஞாயிறு வீட்டுக்கு வந்து, ஒற்றை இலை போட்டு, சத்தமாக ஜெபம் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஒரு நிமிஷம் காத்திருந்தார். ஆமென் சொல்ல ஆள் இல்லை. அவரே சொல்லிக்கொண்டார். தேவன் நம்மோடிருக்கிறார் என்று ஐயர் அன்று பிரசங்கித்திருந்தார். இருக்கிறார்தான். அதில் ஞானசிகாமணிக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரசம் உப்புக் கரிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாரே! நாலாம் ஞாயிறு, மறுபடியும் தின்பது என்றே முடிவு.

கிறிஸ்துமஸ் வந்தது. கோயிலுக்குப் பின்னால் பந்தி. தேவமணியே கறி வாளியோடு வந்தார். வாத்தியார் இலைக்கு முன் கரண்டி நின்றதும் பந்தி முழுக்கப் பேச்சு நின்றது.

ஞானசிகாமணியின் கை தானாகவே இலையை மறைத்தது.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஒரே ஒரு துண்டு வே!"

"ஒருத்தங்க கேப்பாங்க. பதில் சொல்லணும்."

"யாரு, மேல உள்ளவரா? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் பொறுப்பு."

பந்தி சிரித்தது. ஞானசிகாமணியும் சிரித்தார். விருந்துக்கு மரியாதையாக வெறும் இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். அடுப்படி ஓரத்தில் ரசப் பாத்திரத்தோடு ஜெபராணி நின்றாள்.

"ரசமாவது விட்டுச் சாப்பிட்டிருக்கலாம்லா?" என்றாள்.

ஆறு வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. பதில் சொல்ல நின்றால் மனசு மாறிவிடும் என்று பயந்து நடந்துவிட்டார்.

வண்ணார்பேட்டை. புறவாசல். தட்டினார். வந்த குரல் வேறு.

"யாரு... பெரியத்தானா?"

தம்பி பெண்டாட்டி பிரம்மநாயகி. அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்ததே இவர் வெளியேறிய பிறகுதான்.

"அம்மா இல்லையா?"

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். பிறகு, "அத்தை போயி பதினெட்டு நாளாச்சு. உங்களுக்குத் துட்டி சொல்லக் கூடாதுன்னுட்டாக."

பதினெட்டு. கணக்கு வாத்தியார் பின்னோக்கி எண்ணினார். இரண்டாம் அட்வெந்துக்கு முந்தின சனிக்கிழமை. அம்மா கேட்பாள் என்று அவர் மனசை மாற்றிக்கொண்ட அந்த ஞாயிறு, கேட்க அம்மா இல்லை.

திரும்பினார்.

"போயிராதீக! கல்லு மேல இருக்கு. அத்தை எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக. ஆனா, கேட்டுட்டுத்தான் குடுக்கணும்னாக." அந்தப் பெண் தயங்கினாள். "கவிச்சி... தொட்டீகளா?"

"இல்லம்மா."

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப் படியில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடி ஜெபம் சொன்னார். வழக்கம்போல் கொஞ்சம் காத்திருந்தார். தாமிரபரணி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆமென் என்று அவரே சொல்லிவிட்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். வடையில் உப்புக் கொஞ்சம் கூட. அம்மா கை இல்லை.

சாப்பிட்ட பிறகுதான் சிக்கல். விசேஷ வீட்டு இலையைத் தம் பக்கமாக மடிக்க வேண்டும். துட்டி வீட்டு இலையை எதிர்ப்பக்கமாக. இன்றைக்குக் கர்த்தர் பிறந்த நாள். அம்மா செத்ததும் அவருக்கு இன்றைக்குத்தான்.

இலையை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தார்.