நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியில் தம்பி

லேப்டாப்பை டிவியோடு இணைக்க மூன்று நிமிடம் போதும். நான் அன்றைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வேண்டுமென்றேதான்.

அப்பா முப்பது வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஓடியவர். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தால், "கொய்ங்குனு கத்துது" என்று கழற்றி பீரோவில் போட்டுவிட்டார். அதனால் மத்தியப் பிரதேசத்தில் ரிக்கில் இருக்கும் தம்பி போன் செய்தால், அவன் சொல்வதைக் கேட்டு அப்பாவின் காதோரம் கத்திச் சொல்வேன். அம்மா இல்லாத வீட்டில் அது என் வேலை. ஒரு மாதமாக அந்த வேலையில் நான் புளுகிக்கொண்டிருந்தேன்.

துளை போடும் ராடுகளை மாட்டும்போது தம்பியின் வலது கை நடுவில் சிக்கி, இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அதே வாரத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. "அதிர்ச்சியா எதுவும் சொல்லிடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் முனகுவான். நான் அப்பாவிடம், "வேலை நல்லாப் போகுதாமுங்கப்பா" என்பேன். அடிப்பாவி, எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ!

வினை சங்ககிரியிலிருந்து வந்தது. அங்கே அப்பாவின் சிநேகிதர் வீட்டில், வெளியூரில் இருக்கும் பேரனை டிவியில் பெரிதாகவும் ஸ்டீரியோவில் சத்தமாகவும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்பா திரும்பி வந்ததும் வராததுமாக எங்கள் பழைய ஸ்டீரியோ செட்டின் மேலிருந்த துணியை உருவினார்.

"ஏம்புள்ள, உன்ற லேப்டாப்ப இதுல மாட்டு. எம் பையன் பேசறத நானே கேக்கோணும்."

சமையலறைக்குப் போய், 'வலது கையை மேலே தூக்கிடாதே' என்று தம்பிக்கு மெசேஜ் போட்டேன். வந்து, ஹெச்.டி.எம்.ஐ. வயரை டிவியின் இரண்டாவது ஓட்டையில் சொருகிவிட்டு, ரிமோட்டில் ஒன்றாம் நம்பரை வைத்தேன். 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

"பாருங்கப்பா, பழைய டிவி. எடுக்காதுங்க" என்று காதோரம் கத்தினேன்.

அப்பாவுக்குக் காதுதான் மந்தம். கண் கழுகுக் கண். கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பின்னால் குனிந்தார்.

"வயர ரெண்டுல மாட்டிப்போட்டு ஒண்ண வெச்சுட்டு உக்காந்திருக்கற. படிச்ச புள்ளதான நீயி?"

படம் வந்துவிட்டது. சத்தமாவது வரக்கூடாதே என்று எல்லா சாமியையும் கும்பிட்டேன். ஸ்டீரியோவின் சிவப்பு, வெள்ளை பின்களை ஒப்புக்குச் சொருகினேன். உம்மென்று இரைந்தது. அப்பா இரண்டையும் கட்டைவிரலால் அழுத்தினார், இரைச்சல் நின்றது. இனி நான் செய்ய ஒன்றுமில்லை. அவருடைய மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன். இந்த மனுஷருக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான்தான் காரணம் என்று மனது அடித்துக்கொண்டே இருந்தது.

"எப்பிடி இருக்கறீங்கப்பா?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா துள்ளி நிமிர்ந்தார்.

"கேக்குது சாமி! நல்லாக் கேக்குது!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! எனக்குப் பயம் இன்னும் கூடிப்போனது.

"ஏஞ்சாமி, கம்ப்ரசர் சத்தத்தையே காணோம்?"

"வண்டி நிக்குதுங்கப்பா. பிட்டு மாத்தறாங்க."

துளை போடும் பிட்டைச் சொல்லிப் பயல் சமாளித்துவிட்டான் என்று மூச்சு விட்டேன். அப்போது அப்பா சொன்னார்:

"கையக் காட்டு."

எனக்கு அது எப்படி மறந்து தொலைந்தது? எங்கள் பக்கம் ரிக்கிலிருந்து வீடு திரும்புகிறவனை வாசலிலேயே நிறுத்தி, முதலில் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே என்பதெல்லாம் அப்புறம்தான். காது கேட்டதும் மகன் வாசலில் வந்து நிற்கிற மாதிரியே ஆகிவிட்டது அப்பாவுக்கு.

தம்பி இடது கையைக் காட்டினான்.

"இன்னொண்ணு."

நான் வயரைப் பிடித்தேன். பிடுங்கிவிட்டு, நெட் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். அப்பா திரும்பி என் கையைப் பார்த்தார். என்னால் பிடுங்க முடியவில்லை.

தம்பி வலது கையைத் தூக்கினான். கட்டுப் பிரித்திருந்தது. டிவி முழுக்க மூன்று விரல்.

அப்பா எழுந்து டிவியிடம் போனார். நான் மாத்திரையோடு பின்னாலேயே ஓடினேன். அவர் விழவில்லை. நெஞ்சைப் பிடிக்கவும் இல்லை.

"வலிக்குதா சாமி?"

"முந்தி மாதிரி இல்லீங்கப்பா" என்றவன் அதோடு உடைந்துபோனான். விரல் போன அன்றைக்குக்கூட என்னிடம் அழாதவன். இரண்டு ஸ்பீக்கர் பெட்டியிலும் அவன் அழுகை வந்தது, தெருவுக்கே கேட்டது. நான் பதறிப்போய் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குறைக்காத. எம் பையன் அழுவறது எனக்குக் கேக்கட்டும்."