சூடேறிய காரும் சாரிடம் பேசிய மனிதரும்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருக்கிறார். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவர். காரை ஓட்டுவது நான். பேராதனையிலிருந்து கலஹாவுக்கு மேலேயுள்ள தோட்டப் பாடசாலைக்கு நாள்தோறும் அதில்தான் போய்வருகிறேன். இதையெல்லாம் கார் சூடாகி நின்றபோது திருத்தக் கொடுத்த கராஜ்காரரிடம் முதல் நாளே என் கணவர் சொன்னார்.

"வண்டி ஓட்டுறது அவங்கதாங்க. எனக்கு அதுல ஒன்னும் தெரியாது. அவங்ககிட்டயே பேசுங்க."

கராஜ்காரர் சிரித்தார். பிறகு என் கணவரைப் பார்த்தே சொன்னார்: "சரிங்க சார். நான் என்ன சொல்றேன்னா, ஃபேன் மோட்டர் எரிஞ்சி போயிருக்கு. வேற ஒன்னு போட்டா சரி."

ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறியைச் சுற்றுகிற மோட்டர் அது. வேறொன்றைப் போட்டார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். அந்த வாரத்திலேயே என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது.

நான் விஞ்ஞானம் கற்பிக்கிறவள். ஒன்று நடந்தால், எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை என்று எழுதி வைக்கும்படி பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறவள். அதையே நானும் செய்தேன். ஒரு சின்னக் கொப்பியைக் காரில் போட்டுக்கொண்டு, வீடு வந்ததும் எழுதினேன். கெட்டம்பே நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் முள் ஏறுகிறது. நெரிசல் விட்டு வேகமெடுத்ததும் இறங்குகிறது. கலஹா ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போனால் சிவப்புக்குக் கிட்டப் போகிறது. தண்ணீர் குறையவில்லை. புகை இல்லை. எண்ணெய் சுத்தமாக இருக்கிறது.

இரண்டு பக்கம் நிறைந்ததும் கொப்பியோடு கராஜுக்குப் போனேன். கணவரும் கூட வந்தார். கராஜ்காரர் கொப்பியை வாங்கினார், திறக்காமலே பொனட்டின் ஓரத்தில் வைத்தார், அதன் மேல் ஒரு ஸ்பேனரை வைத்தார். எண்ணெய்க்கறை இப்போதும் அந்த அட்டையில் இருக்கிறது.

"மேடம் தண்ணி பாக்கிறதில்ல போல, சார்."

"தினமும் காலையில பாக்குறேன். மோட்டர் மாத்தினதுக்குப் பிறகுதான் இப்படி. அதுக்கு முந்தி எரிஞ்சு நின்ன அன்னைக்குத் தவிர சூடாகவே இல்ல" என்றேன்.

என்ஜினை ஓடவிட்டு விசிறியைக் காட்டினார். "ஃபேன் ஓடுதா இல்லையா, சார்? பாருங்க. அப்ப மோட்டர்ல ஒன்னும் இல்ல."

விசிறி சுற்றியது. ரேடியேட்டரைக் கழுவினார்கள். முள் ஏறியது. தண்ணீர் பம்பை மாற்றினார்கள். அப்போதும் ஏறியது. மூன்றாவது தடவை போனபோது, பெண்கள் கிளச்சில் காலை வைத்தபடியே ஓட்டுவார்கள், அதில்தான் சூடாகும் என்று என் கணவருக்கு விளக்கினார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினொரு வருடமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறவள் நான். பொனட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அந்த ஆள் ஒரு தடவைகூடக் கண்ணைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நான்காவது தடவை தீர்ப்பு வந்தது. "கேஸ்கட் போயிருக்கு, சார். ஹெட்ட கழட்டித்தான் ஆகணும். என்ஜின திறந்தாத்தான் தெரியும்." என்ஜினின் மேல்மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் அடைக்கிற தகடு அந்தக் கேஸ்கட்.

"கேஸ்கட் போனா தண்ணி குறையணும். இல்லாட்டி வெள்ளைப் புகை வரணும். எண்ணெய் பால் மாதிரி ஆகணும். இதுல எது இருக்கு, காட்டுங்க" என்று கேட்டேன்.

"இதெல்லாம் யூடியூப்ல பாத்துட்டு வந்து கேக்குறாங்க, சார்" என்றார்.

அவர் திறக்க நான் விடவில்லை. சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் கியரை இழுத்து இழுத்துப் போட்டேன். கோபத்தில் ஓட்டக்கூடாது என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். அவர் மீதும் கோபம் வந்தது. அவர் பாவம், அவரால் என்ன செய்ய முடியும்?

என்னோடு ஓர் ஆசிரியை தினமும் வருவார். மடவளையில் பிறந்து பேராதனையில் வாழ்க்கைப்பட்டவர், கணிதம் கற்பிக்கிறவர். அடுத்த நாள் காலை ஹிந்தகலையைத் தாண்டி ஏறும்போது எங்களுக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று ஊர்ந்தது. முள் ஏறியது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே பொனட்டைத் திறந்தேன். விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவர் காருக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் சட்டென்று விலகினார்.

"டீச்சர், இங்க நிக்க ஏலாது. முழங்காலுக்கு நெருப்பு மாதிரி காத்து வருது."

"எங்க வருது?"

"முன்னால. இந்தக் கம்பிக்குள்ளால."

போய்க் கையை நீட்டினேன். உண்மைதான். ரேடியேட்டரின் சூடெல்லாம் என் உள்ளங்கையில் வந்து மோதியது. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். விசிறி இருப்பது ரேடியேட்டருக்குப் பின்னால். வெளியேயுள்ள குளிர்ந்த காற்றை முன்பக்கத்திலிருந்து உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை. அப்படியானால் முன்னால் நிற்கிறவருக்குச் சூடு எப்படி வரும்?

கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து முன்கம்பியில் பிடித்தேன். இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் படபடத்து என் பக்கம் மடங்கியது. கையை விட்டதும் வீதியில் போய் விழுந்தது.

என்றாலும் ஒரு வண்டியில் மட்டும் பார்த்து முடிவு கட்ட மனம் வரவில்லை. பாடசாலைக்குப் போனதும் அதிபரிடம் கேட்டு, அவருடைய காரில் ஏசியைப் போடச் சொன்னேன். அதில் விசிறி தானாகவே ஓடத் தொடங்கும். அதே அளவுத் தாளை அதே இடத்தில் பிடித்தேன். பச்சக்கென்று ஒட்டியது. அதிபர் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட நானா மடவளையில கார் வயரிங் வேலதான் செய்றார். பின்னேரம் போவோம்" என்றார் அந்த ஆசிரியை. நானா என்றது அவருடைய அண்ணனை.

அண்ணன் என்னிடம் முதலில் கேட்டது, "என்ன நடக்குது, சொல்லுங்க டீச்சர்" என்பதுதான். நான் சொன்னேன். முடியும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு குனிந்து மோட்டருக்குப் போகும் வயரைப் பிடித்துப் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரி. மோட்டரோட வந்த ப்ளக்க வெட்டிப்போட்டு, கையால முறுக்கி டேப் சுத்தி ஈக்கி. ரெண்டு வயரும் மாறி. அதான் ஃபேன் தலைகீழாச் சுத்துது. வேகமாப் போனா எதிர்க்காத்து வென்றுடும். நின்னா, மெதுவாப் போனா, சூடு தங்கிடும்."

பிரித்து மாற்றிக் கட்டினார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. தாளைப் பிடித்தேன்; ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததென்று சொல்லமாட்டேன்.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். "தர்மோஸ்டாட் வால்வையும் காணல்லையே. நீங்களா கழட்டச் சொன்னீங்க?" என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைச் சூட்டுக்கேற்றபடி திறந்து மூடும் சின்னஞ்சிறு பாகம் அது. நான் சொல்லவில்லை. யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

அந்தச் சனிக்கிழமை தனியாகவே கராஜுக்குப் போனேன். கணவர் வரவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

"சார் வரலையா?" என்றார் கராஜ்காரர்.

"வரல. என்னோட வால்வ திருப்பித் தாங்க."

"அதெல்லாம் நம்ம நாட்டு வெயிலுக்குத் தேவையில்லீங்க. எல்லா வண்டிக்கும் நாங்க கழட்டிருவோம்."

"தேவையா இல்லையான்னு என்கிட்ட கேட்டீங்களா? தாங்க."

அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே இருபது முப்பது வால்வுகள். எது என்னுடையதென்று அவருக்கே தெரியவில்லை. எத்தனை பேருடைய வண்டிகள். அதில் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டுக் கழற்றினாரோ.

அவர்கள் வயரை மாற்றிப் பூட்டியிருந்ததைச் சொன்னேன். டின்னை மூடி வைத்தார். பிறகு, "மனுஷன்னா தப்பு வரும்தானே மேடம்" என்றார்.

"வயர் மாறினது தப்பு. அத நான் ஒன்னும் சொல்லல. மோட்டர் மாத்தினதுக்குப் பிறகுதான் சூடாகுதுன்னு நாலு தடவ சொன்னேன். அதக் காதுல வாங்காம, நல்லா இருக்கிற என்ஜின திறக்கப் பாத்தீங்களே. அது தெரியாம வந்த தப்பு இல்ல."

பக்கத்தில் பாடசாலை வேன் ஒன்றின் சொந்தக்காரர் நின்றிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எனக்கும் ஹெட்ட கழட்டணும்னுதான் சொன்னாரு" என்றார். யாருக்கென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார். வேனை ஸ்டார்ட் பண்ணி வெளியே எடுத்துக்கொண்டு போனார். அந்த வேனில் உண்மையிலேயே கேஸ்கட் போயிருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது.

கராஜ்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதற்காகக் காத்திருக்கவில்லை. வேறு வால்வு வாங்கி மடவளையிலேயே பூட்டினேன். இப்போது மழையிலும் வெயிலிலும், லொறிக்குப் பின்னாலும், முள் நடுவிலேயே நிற்கிறது. "இனி விடுங்க டீச்சர், கார் சரியாகிட்டுத்தானே" என்கிறார் கூட வருகிறவர். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் போன வாரம் வங்கிக்குப் போயிருந்தோம். கணக்கு என் பெயரில், கேள்வி கேட்டது நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினார். நான் கண்ணாடியைத் தட்டி, "இங்க பாத்து சொல்லுங்க" என்றேன்.