வெண்கலப் பானைக்கு வெள்ளிக் கோப்பை

என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்துக் கலைப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தபோது பூந்தமல்லியே அவரை மேதை என்றது. மேதைக்குச் சோறு பொங்கிப் பார்த்தால் தெரியும்!

கிறிஸ்தவக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், ஒழுங்காகக் கீர்த்தனை வாசித்துவிட்டு வரக்கூடாதா? ராகமும் வேண்டாம், தாளமும் வேண்டாம், புதுசாக ஒன்று செய்கிறேன் என்று என் பாத்திரங்களில் கை வைத்தார். ஒவ்வொன்றிலும் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக் கரண்டியால் தட்டித் தட்டிக் கேட்பார். உலை வைக்கப் போனால், "தொடாதே, இப்பத்தான் சுருதி சேந்துகீது" என்று கத்துவார். பிள்ளைகள் பசியோடு என் முகத்தைப் பார்ப்பார்கள். என் அம்மா சீராகக் கொடுத்த வெண்கலப் பானைதான் அவருக்கு உயிர். நான் சோறு பொங்குவதும் அதில்தான். அப்போது உலகச் சண்டைக் காலம். அது போனால் இன்னொன்று எங்கே தேடினாலும் கிடைக்காது.

அறுப்பின் பண்டிகைக்கு, பரிசு வாங்கிய அதே இசையைக் கோயிலில் வாசிக்கச் சொன்னார்கள். பீடத்துக்கு முன்னால், காணிக்கையாக வந்த பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் பாத்திரங்களைப் பரப்பித் தட்டினார். பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, பாராட்டு வாங்க வெளியே போய்விட்டார்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைகளை ஏலம் விடுவது வழக்கம். பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு நான் திரும்புவதற்குள், கோயில் மூப்பர் என் பானையைத் தூக்கிப் பிடித்து "ஒரு தரம், ரெண்டு தரம்" என்கிறார்!

"ஐயா, அது எங்க ஊட்டுப் பானை!"

"பீடத்தாண்ட வெச்சது ஆண்டவருக்குத்தாம்மா. திருப்பிக் கேக்கலாமா?"

கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிவிட்டு, கோயிலுக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டுக்கு ஓடினேன். அலமாரியிலிருந்த பரிசுக் கோப்பையை, வெள்ளிக் கோப்பையை, எடுத்து வந்து ஏல மேசையில் வைத்தேன். "ஆண்டவர் இத வெச்சிக்கட்டும். என் பாத்திரத்தக் குடுங்க." என் வீட்டுக்காரருக்கு வலிக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். கோப்பையை எடுத்து, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"போட்டும். இதுல நாதமே இல்ல" என்று மூப்பரிடமே கொடுத்துவிட்டார்.

பானையை மார்போடு அணைத்துக்கொண்டு என் கூடவே நடந்தார். வாசலில் நின்று, "மொதல்ல நீ பொங்கிக்கோ, அப்பால எனக்குக் குடு" என்றார். கல்யாணமாகி அன்றுதான் அந்த வார்த்தையைக் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உலை வைத்தேன்.

அரிசிகூட வேகவில்லை, அதற்குள் தட்டிப் பார்க்கக் கரண்டியோடு அடுப்பருகே வந்து நின்றார்.