முசிறி பஸ்ஸில் வந்த பதில்

போன மாசி மாதம் என்மேல் போலீஸ் கேஸ் விழுந்தது. லைசென்ஸை முடக்கி வைத்திருக்கும்போது வேன் ஓட்டினேன் என்று கேஸ். ஜெயிலில் போடக்கூட சட்டம் இருக்கிறது என்றார் வக்கீல். இந்த வயதில் ஜெயில். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பெருமாள் கோஷ்டியில் தன்னை ‘அடியேன்’ என்று சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு ‘நான்’ என்றுதான் வரும். பெருமாளுக்கு என்னைத் தெரியும். அதனால் வருகிறபடியே எழுதுகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். முசிறியில் வாழைத்தார் சுமந்தேன். இன்று எனக்கு ஆறு வண்டி ஓடுகிறது. திருச்சி மார்க்கெட்டில் நான் சொன்ன விலைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. ஒருவரிடமும் யோசனை கேட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாஸ் போட்டவர்கள் குறைவு. அரசாங்கம் என்னைச் சோதித்துப் பார்த்து, இவன் தேறிவிட்டான் என்று கொடுத்த ஒரே காகிதம் டிரைவிங் லைசென்ஸ்தான். அதைக் கேன்சல் செய்துவிட்டால் ஆறு வண்டி இருந்தும் நான் யார்? அந்த யோசனைதான் ஜெயிலைவிட என்னை அரித்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகையில் தில்லை நகரில் போன் பேசிக்கொண்டே கார் ஓட்டினேன். போலீஸ் கார்டை வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் ஓட்டக்கூடாது என்று உத்தரவு. அந்த மூன்று மாதத்தை நான் கார்டு கையைவிட்டுப் போன அன்றிலிருந்து எண்ணினேன். உத்தரவு போட்ட அன்றிலிருந்துதான் கணக்காம். அது மார்கழிக் கடைசி.

என் சம்சாரம் அப்போதே சொன்னாள். “ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வண்டிய எடுங்களேன்.”

“எனக்குத் தெரியாததா? அவனுங்க பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்டீயரிங் புடிச்சவன் நான்” என்றேன்.

மாசி ஏகாதசிக்கு நம் கோஷ்டிக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பினேன். டோல்கேட் பக்கம் ஒரு சின்ன வயது சப்-இன்ஸ்பெக்டர் கை காட்டினார். லைசென்ஸ் ஜெராக்ஸைக் கொடுத்தேன். ஒரிஜினல் எங்கே என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“தம்பி, நான் யாருன்னு தெரியுமா? முசிறி மண்டியில கேட்டுப் பாருங்க.”

“கேட்டுருவோம் ஐயா. முதல்ல இந்த மெஷின்ல கேட்டுக்கறேன்” என்றார். முடக்கம் இன்னும் முடியவில்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. வேனில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வந்ததைப் பேசினேன். பிறகு சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரையும் ஆட்டோவில் கோயிலுக்கு அனுப்பினேன். அன்று நான் பெருமாளைச் சேவிக்கவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன்.

தில்லை நகர் வக்கீல் ஒரு வழி சொன்னார். “நெஞ்சு வலின்னு சொல்லுங்க ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல ஓட்டிட்டேன்னு சொல்லுங்க. ஒரு டாக்டர் சீட்டு வாங்கிடலாம்.” எனக்கும் சரி என்று பட்டது. வீட்டில் கையை நெஞ்சில் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சம்சாரம் பார்த்துக்கொண்டே காய் நறுக்கினாள்.

இதற்குள் பங்குனி உத்திரம் வந்தது. அன்று ஸ்ரீரங்கத்தில் மட்டையடி உற்சவம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம்பெருமாள் உறையூருக்குப் போய் அங்குள்ள நாச்சியாரோடு சேர்ந்து அமர்ந்து, சேர்த்தி கண்டருளிவிட்டுத் திரும்பி வருவார். இங்கே தாயார் ரங்கநாச்சியாருக்குக் கோபம். வாசல் கதவைச் சாத்திவிடுவார். பெருமாள் பல்லக்கில் வெளியே நிற்பார். வாழை மட்டையடி விழும். பெருமாளுக்காக ஒருவரும் தாயாருக்காக ஒருவரும் பேசுவார்கள். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று உள்ளேயிருந்து கேள்வி வரும். மோதிரம் தொலைந்தது, விடியும்வரை தேடினேன், தூக்கமில்லை என்று பதில் போகும். கதவு திறக்காது. ஏன் மேலெல்லாம் கீறல்? முள் கிழித்துவிட்டது. அதற்கும் திறக்காது.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்சாரம் என் காதருகே வந்தாள்.

“நெஞ்சு வலின்னு சொல்லிப் பாக்கச் சொல்லுங்களேன். உங்க வக்கீலைத்தான் பெருமாளும் வச்சிருக்கார் போல.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஜகத்தையே ஆள்கிறவர் சொன்ன சாக்கே அந்த வாசலில் எடுபடவில்லை. கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் பேசினார். அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. சேர்த்தியில் இருவரையும் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன். ‘அம்மா, நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்காகப் பேச ஒருத்தரை அனுப்பு.’

வக்கீலிடம் டாக்டர் சீட்டு வேண்டாம் என்றேன். “அப்ப நான் எதுக்கு ஐயா?” என்றார். கூட நில்லுங்கள், போதும் என்றேன்.

சித்திரையில் வாய்தா. அன்று காலை என் டிரைவர் வரவில்லை. மற்ற வண்டிகள் லோடுக்குப் போய்விட்டன. வாசலில் கார் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. முடக்கம் முடிந்திருந்தாலும் கார்டு இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை. தொடவில்லை. திருச்சி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. இந்த நேரம் பார்த்தா பெருமாளே இப்படிச் செய்ய வேண்டும் என்று மனதுக்குள் திட்டினேன்.

கண்டக்டர் தெரிந்தவர். “என்ன மொதலாளி, ஆறு வண்டிய வச்சுக்கிட்டு எங்க பஸ்ல தொங்குறீங்க?”

“கேஸுக்குப் போறேன்யா. கார்டு இல்ல.”

“கார் இருக்குல்ல? யாரு பாக்கப் போறா?”

“ஓட்டுனதுக்குத்தான் கேஸே. அதுக்குப் பதில் சொல்லவும் ஓட்டிட்டே போனா அது மானங்கெட்ட பொழப்பு. டிக்கெட்டக் குடு.”

பஸ்ஸே சிரித்தது. குணசீலம் தாண்டியும் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

கோர்ட்டில் நீதிபதி ஒரு அம்மா. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

“ஆமாங்கம்மா. ஓட்டினேன். நாளைத் தப்பா எண்ணிட்டேன். ஆபீஸ்ல கேட்டிருக்கலாம். கேக்கலை. எல்லாம் எனக்குத் தெரியும்னு நெனச்சேன்.” இந்த இரண்டு சொல்லை, ‘கேட்டிருக்கலாம், கேட்கவில்லை’ என்பதைச் சொல்ல நான் பட்ட பாடு, தார் சுமந்த காலத்தில்கூடப் பட்டதில்லை.

அந்த அம்மா முகம் மாறவில்லை. “பிடிபட்டவங்க எல்லாரும் தெரியாமத்தான் ஓட்டினேன்னு சொல்றாங்க” என்றார்கள். கதவு சாத்தியாயிற்று என்று நினைத்தேன். அப்போது, என்னைப் பிடித்தது யார், இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள். பின்னாலிருந்து அந்த சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். வேறொரு கேஸுக்காக வந்திருந்தாராம். நான் திட்டியதையெல்லாம் சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் சொன்னார். “அன்னிக்கு என்னைத் திட்டினார்ங்கம்மா. ஆனா தப்பிச்சுப் போகப் பாக்கலை, சாவியை அவரே குடுத்தார். இன்னிக்குக் காலையில நான் மஃப்டியில முசிறி பஸ்ல வந்தேன். இவர் நின்னுட்டே வந்தார். கார எடுத்துட்டு வரவேண்டியதுதானேன்னு கண்டக்டர் கேட்டார். அது மானங்கெட்ட பொழப்புன்னு இவர் சொன்னதை நான் காதால கேட்டேன்.”

எந்த பஸ்ஸில் நின்று பெருமாளைத் திட்டினேனோ அதிலேயே எனக்காகப் பேசுகிறவரை ஏற்றி அனுப்பியிருக்கிறாள் தாயார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்ற தண்டனையும் கொடுத்தார்கள். லைசென்ஸைத் தொடவில்லை. சாயங்காலம்வரை ஒரு மூலையில் இருந்தேன். பங்குனியில் பல்லக்கு வெளியே நின்ற நேரம்தான் நினைவுக்கு வந்தது. அவரே வெளியே நின்றார், நான் ஒரு நாள் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

கார்டு வந்துவிட்டது. இப்போது வண்டி ஓட்டும்போது போன் பின்சீட்டில் கிடக்கும். தெரியாததை ஆபீஸ் பையனிடம்கூடக் கேட்கிறேன். சம்சாரம் இதை இன்னும் நம்பவில்லை. ஏகாதசிக்கு மட்டும் ஸ்ரீரங்கத்துக்கு அந்தக் காலை பஸ்ஸில்தான் போகிறேன்.

உங்களில் யாருக்காவது ஒரு வாசல் சாத்தியிருந்தால், சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தாயாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பங்குனியில் என்னோடு வாருங்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. ஏறிவிடுங்கள், கண்டக்டர் நமக்கு வேண்டியவர்தான்.