சஹனில் ஆறாவது கை

பதுளை பஸார் வீதியில் சோப்பும் பவுடரும் ரிப்பனும் விற்றுக்கொண்டிருந்த லத்தீப் நானாவைப் பற்றி ஊரில் கேட்டால் முதலில் ஒரு சிரிப்பு வரும். பிறகு, "நல்ல மனுசன்தான், ஆனா..." என்று ஓர் இழுவை வரும். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் சாப்பாடுதான். இறைச்சி தின்ன மாட்டார், மீன் தின்ன மாட்டார். சரி, சைவக்காரர் என்று விட்டுவிடலாம் என்றால் பாலும் குடிக்க மாட்டார், தயிரைத் தொட மாட்டார், முட்டையும் தேனும் கிடையாது, நெய் வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். சாரத்துக்கு மேல் எல்லோரும் அகலத் தோல் பெல்ட் கட்டித் திரிந்த காலத்தில் அவர் இடுப்பில் ஒரு துணி நாடாதான் இருந்தது. இவர் ஒரு கோயில் பூசாரியாக இருந்திருந்தால் ஊர் கும்பிட்டிருக்கும். தோல் வியாபாரியின் மகனாகப் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்து தொலைத்துவிட்டார்.

அவருடைய வாப்பாவிடம் பசறை, கொஸ்லந்த, பூனாகலை என்று சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் பச்சைத் தோல் வந்து சேரும். வீட்டுக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் அதை விரித்து, உப்புத் தேய்த்து, மடித்து அடுக்கி ரயிலில் கொழும்புக்கு அனுப்புவார்கள். உப்புத் தேய்ப்பது லத்தீபின் வேலை. 1965ஆம் வருஷம், அவருக்குக் கல்யாணம் முடிந்து நாலு மாதம். ஒரு காலையில் பாதித் தோலுக்கு உப்புப் போட்ட பிறகுதான் தொடைப்பக்கத்தில் சுட்டிருந்த குறி கண்ணில் பட்டது. அது அவர்கள் வீட்டுக் குறி. பத்து வருஷம் அந்த வீட்டுக்குப் பால் கொடுத்த பசு அது. மடி வற்றியதும் கொஸ்லந்தப் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றிருந்தார்கள். குறி சுட்ட அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும் லத்தீப்தான்.

மீதிப் பாதிக்கும் உப்புப் போட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனால், உம்மா புதுப் பசுவின் பாலில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். கோப்பையை வாய்வரை கொண்டுபோனார், இறங்கவில்லை. அன்றைக்கு நின்றதுதான். பால் நின்றது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.

வாப்பா ஏசிப் பார்த்தார், உம்மா அழுது பார்த்தார். கடைசியில் பள்ளிவாசல் ஹஸரத்தை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அல்லாஹ் ஆகுமாக்கியதை ஆகாது என்று சொல்வதற்கு நாம் யார் என்று ஹஸரத் கேட்டார். நியாயமான கேள்விதான். லத்தீப் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஹராம் எண்டு செல்ல இல்ல ஹஸரத். திண்டா எனக்குத் தொண்டையால எறங்குதில்ல, அவ்வளவுதான்" என்றார். அப்படியென்றால் இது ஒரு வருத்தம், நோய் மாதிரி, வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஹஸரத் எழுந்து போனார். வாப்பாவும் இரண்டு மாதம் பேசாமல் இருந்து பார்த்துவிட்டு, பஸார் வீதியில் ஒரு சின்னக் கடையைப் பிடித்துக் கொடுத்தார்.

தோலிலிருந்து தப்பித்தோம் என்று கடையில் உட்கார்ந்தவரை விதி அங்கேயும் விடவில்லை. சோப்புக் கொண்டுவந்த கொழும்பு ஆள் ஒருநாள் சும்மா பேச்சுவாக்கில், இதிலெல்லாம் மாட்டுக் கொழுப்புத்தான் போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இரண்டு வருஷமாக அதைத்தான் மனிதர் மேலெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு உடம்புக்குப் பயற்றமாவும் தலைக்குத் தேசிக்காயும்தான். ஆனால் விற்காமல் எப்படி இருப்பது? விற்றார், விற்கும்போதெல்லாம் மனம் உறுத்தியது. பூனாகலையிலிருந்து கொழுந்தெடுக்கும் பாக்கியலெட்சுமி என்ற பெண் வாசனை சோப்பு வாங்க வருவாள். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள், தெரியாமல் பூசுகிறாளே என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப வெள்ளிக்கெழம மட்டும் போடாம இருந்துக்கிறேன் மொதலாளி. மத்த நாளைக்குக் குடுங்க" என்றாள்.

லத்தீப் சிரித்துவிட்டார். அன்று முழுவதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ள ஓர் ஆள் இல்லை என்பது கடையை மூடும்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் விளக்கப் போகவில்லை.

வீட்டில் ஒரு மனிதர் ஒதுங்கிச் சாப்பிட்டால் ஊருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் அது நடக்காது. அங்கே சாப்பாடு சஹனில்தான். வெள்ளைத் துணி விரித்து, பெரிய தாலத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, இறைச்சியும் கோழியும் வைத்து நடுவில் கொண்டுவந்து வைப்பார்கள். சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தாலத்தில் கை வைத்துத் தின்ன வேண்டும். ஐந்து பேர் தின்று ஒருவர் சும்மா இருந்தால் அது ஆயிரம் பேருக்குத் தெரியும். 1967இல் மாமா மகன் மொஹிதீனின் கல்யாணத்தில் லத்தீப் அப்படித்தான் ஆறாவது ஆளாக உட்கார்ந்து, அச்சாறை மட்டும் நக்கிக்கொண்டிருந்தார். அவர் ஏதோ கோபத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று மொஹிதீன் முடிவு கட்டி இரண்டு வருஷம் ஸலாம் சொல்லவில்லை. அதிலிருந்து எந்தக் கல்யாணம் என்றாலும் வாசலில் கை கொடுத்துவிட்டு, சஹன் விரிக்குமுன் நழுவிவிடுவது அவருக்குப் பழக்கமாயிற்று. கொஞ்ச நாளில் அழைப்பும் குறைந்தது.

மனைவி ஜெனீரா இருந்தவரை இரண்டு சட்டியில் சமைத்தாள். ஒன்றில் மாசிக் கருவாடு போடுவாள், மற்றதில் போடமாட்டாள். அவள் 1972இல் காய்ச்சலில் மௌத்தாகிப் போக, ஆறு வயது மகள் காமிலாவும் அவரும் மிஞ்சினார்கள். அடுத்த வீட்டில் இருந்த தங்கை ஹம்ஸியாதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் பகல் சோற்றுக்குக் காமிலா வாப்பாவின் பீங்கானில்தான் கை வைப்பாள். மாசி இல்லாத சம்பல், பருப்பு, பலாக்காய்க் கறி. அவர் உருட்டி உருட்டிக் கொடுக்க அவள் தின்பாள். பிறகு பஞ்ச வருஷங்கள் வந்தன. பால் மாவுக்கும் பாணுக்கும் வரிசை, ஊரே மரவள்ளிக் கிழங்கு தின்றது. தோட்டங்களில் அந்தப் பஞ்சம் உயிரையே வாங்கியது. அதில் யாரும் சந்தோஷப்பட முடியாது. ஆனாலும் அந்த இரண்டு மூன்று வருஷம்தான் எந்த வீட்டுக்குள் போனாலும் லத்தீப் தின்னக்கூடியது ஏதாவது இருந்தது, யாரும் அவரை விசித்திரமாகப் பார்க்கவுமில்லை. இதை அவர் வெட்கத்தோடுதான் நினைத்துக்கொள்வார்.

பஞ்சம் போனது, கடைகள் நிறைந்தன. பத்து வயதில் காமிலா, மாமி ஹம்ஸியா வீட்டுக் கோழிக் கறியில் ருசி கண்டாள். அவர் தடுக்கவில்லை. தடுக்க அவருக்கு என்ன உரிமை, மார்க்கம் தந்ததைத்தானே பிள்ளை தின்கிறாள். பகல் சோறும் அங்கேயே என்று ஆயிற்று. வீட்டுப் பூனைகூட இரவெல்லாம் அவர் கட்டிலில் சுருண்டு படுத்துக் கிடந்துவிட்டு, சோற்று நேரத்துக்கு ஹம்ஸியாவின் குசினிக்கு மீன் தலைக்குப் போய்விடும். போகிறாயா, போய் வா என்று அதற்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். ஒன்பது வருஷம் அப்படிச் சாப்பிட்டார்.

1985இல் காமிலாவுக்குப் பண்டாரவளையில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் ஹுமைத், தகப்பனார் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். பேச்சு முடித்த அன்று ஹாஜியார் நீட்டிய வட்டிலப்பத்தை லத்தீப் வேண்டாம் என்றுவிட்டார். அதில் முட்டை. பெண்ணுடைய வாப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனக்குறையா என்று ஹாஜியார் வீட்டில் கேட்டதாகச் செய்தி சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. கல்யாணத்தன்று முதல் சஹனில் பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையின் வாப்பாவும் எதிரெதிரே இருக்க வேண்டும். கோழியைப் பிய்த்துச் சம்பந்தியின் பக்கம் தள்ளி வைத்து முதல் பிடியை எடுப்பது பெண்ணின் வாப்பா. அவர் எடுக்காமல் மற்றவர்கள் எடுக்க மாட்டார்கள். தனக்கு ஒரு தனிப் பீங்கான் வைத்துக்கொண்டால் என்ன என்று லத்தீப் தங்கையிடம் கேட்டுப் பார்த்தார். மகள் கல்யாணத்தில் தனிப் பீங்கானில் தின்கிறவன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் சண்டைக்காரன் என்று ஹம்ஸியா சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது காமிலா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மருதாணி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"வாப்பா, அண்டைக்கு மட்டும் ஒரு பிடி. நீங்க திண்ணாட்டி அந்த ஊட்டுல எனக்கு மொகம் காட்ட ஏலா."

அவர் சரி என்றார். மகள் இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. இதற்கும் இல்லை என்று சொன்னால் அவளும் போய்விடுவாள், பண்டாரவளைக்கு அல்ல, அதைவிடத் தூரமாக. அந்தப் பயம்தான் அவரைச் சரி சொல்ல வைத்தது.

கல்யாண நாள் வந்தது. கை கழுவ நீர் வார்த்தார்கள், சஹன் வந்து இறங்கியது. லத்தீப் பிஸ்மில்லாஹ் சொல்லி, கோழியைப் பிய்த்து ஹாஜியாரின் பக்கம் வைத்தார். நெய்ச்சோற்றில் ஒரு பிடி எடுத்து, ஒரு துண்டு இறைச்சியையும் சேர்த்து, இருபது வருஷத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வாயில் வைத்தார்.

யாரும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஹாஜியார் பின் வரிசையில் இருந்த யாரோ ஒரு வெளியூர்க்காரரோடு திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். மற்ற நால்வரும் பசியில் குனிந்துவிட்டார்கள். சம்பந்தி பார்க்கட்டும் என்று லத்தீப் இரண்டாவது பிடியை எடுத்தார். ஹாஜியார் இந்தப் பக்கம் திரும்பி, கறி நல்ல பதம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார். அவர் எதையும் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. லத்தீப் மூன்றாவது பிடியை எடுத்தார். அதை எதற்காக எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காலையிலிருந்து பசி. இறைச்சி மெத்தென்று வெந்திருந்தது. தொண்டையில் ஒரு தடையும் இல்லாமல் இறங்கியது.

மாலையில் காரில் ஏறுமுன் காமிலா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தின்றீர்களா என்று காதுக்குள் கேட்டாள். தின்றேன் என்றார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அதற்காகவாவது ஆயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கார் பண்டாரவளைப் பக்கம் திரும்பி மறைந்தது.

மறுநாள் பகல், கிழங்கை அவித்து வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தபோது ஹம்ஸியா ஒரு பீங்கானை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். மிச்ச நெய்ச்சோறும் இறைச்சியும். இருபது வருஷத்தில் அவள் இப்படி ஒரு பீங்கானைக் கொண்டுவந்ததே இல்லை. நேற்றுக் காரடியில் அவர் தின்றேன் என்றது அவள் காதிலும் விழுந்திருந்தது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இனி நானாவும் நம்மோடு ஒரே சட்டியில் தின்னலாம், தனியாக வேக வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள்.

"வாணாம் தங்கச்சி" என்றார் லத்தீப்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். சந்தோஷம் மெதுவாக வடிந்து, அந்த இடத்தில் அவர் இதுவரை பார்த்திராத ஒரு கோபம் வந்து நின்றது.

"அப்ப ஒங்களுக்குத் திண்ண ஏலும். இவ்வளவு காலமும் ஏலும்" என்றாள். "எங்களோட திண்ண மனசில்லாமத்தான் இருந்திருக்கீங்க."

பீங்கானை மூடி எடுத்துக்கொண்டு அவள் போனாள். அப்படி இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். நேற்று மூன்று பிடி தின்ற வாய் அது. என்ன சொன்னாலும் இனி யாரும் நம்பப் போவதில்லை. தங்கை வீட்டுக் குசினிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் அந்தக் கதவைப் பகலில் யாரும் சாத்தியதே இல்லை.